புடாபெஸ்டில் நான்கு பகல்: எந்தக் கரை, எந்த ஊர்?

விசா கைக்கு வந்த அன்றுதான் வீட்டில் விவாதம் ஆரம்பித்தது. ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் எங்களுக்கு நான்கு பகல். போகிறவர்கள் மூன்று பேர்: முழங்கால் வலியுள்ள அம்மா, ஓரிடத்தில் உட்காராத பதினொரு வயது மகள், நடுவில் நான். சில வருடங்களுக்கு முன் வேலை விஷயமாக ஒரு முறை அங்கே போயிருக்கிறேன் என்பதால், "உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, நீயே முடிவு பண்ணு" என்று பொறுப்பு என் தலையில் விழுந்தது. எப்படி முடிவு பண்ணினாலும் ஆளுக்கொரு குறை வரும் என்பதும் தெரியும்.

அந்த ஊரில் பார்க்க இடமில்லாமல் யாரும் திண்டாடுவதில்லை. எதை விடுவது என்பதில்தான் திண்டாட்டம். அதனால் இங்கே எல்லாவற்றையும் அடுக்கப்போவதில்லை. எதற்குப் பதில் எதை, யாருக்கு எது என்று மட்டும் சொல்கிறேன். எங்கள் அளவுகோல் அம்மாவின் முழங்கால். உங்கள் வீட்டில் அது கைக்குழந்தையாக இருக்கலாம், பர்ஸாக இருக்கலாம்.

அதற்கு முன் உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை. ஹங்கேரிய மொழியில் தனியாக நிற்கும் 'எஸ்' எழுத்தை 'ஷ்' என்று படிப்பார்கள். பக்கத்தில் 'இஸட்' சேர்ந்தால்தான் 'ஸ்'. அதனால் ஊர்க்காரர்கள் வாயில் அது புடாபெஷ்ட். ஸ்டேஷனில் வழி கேட்கும்போது இது கைகொடுக்கும். இன்னொன்று, தமிழைப் போலவே உருபுகளைச் சொல்லின் வாலில் ஒட்டுகிற மொழி அது. 'ஹாஸ்' என்றால் வீடு, 'ஹாஸ்பன்' என்றால் வீட்டில். அம்மாவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போய், நான்கு நாளும் போர்டுகளில் வால் தேடிக்கொண்டிருந்தார்.

தங்குவது எந்தக் கரையில்?

டான்யூப் நதி இந்த ஊரை வடக்கிலிருந்து தெற்காக வகிர்ந்துகொண்டு போகிறது. மேற்குக் கரையில் புடா: குன்றும் கோட்டையும் சரிவுத் தெருக்களும். கிழக்கே பெஷ்ட்: சமதரை, அகலச் சாலைகள், கடைகள், டிராம்கள். புடா, அதற்கு வடக்கே ஓபுடா, எதிர்க்கரையில் பெஷ்ட் என்று தனித்தனி ஊர்களாக இருந்ததை 1873இல்தான் ஒரே நகரமாக்கினார்கள்.

அதற்குப் பிள்ளையார் சுழி போட்டது 1849இல் திறந்த சங்கிலிப் பாலம். அதுவரை படகுகளைக் கோத்துப் போட்ட மிதவைப் பாலம்தான். ஆற்றில் பனிக்கட்டி வந்தால் அதையும் கழற்றிவிடுவார்கள். 1820 டிசம்பரில் அப்பா இறந்த செய்தி கேட்டுக் கிளம்பிய இஷ்த்வான் சேச்சேனி பிரபு, ஆற்றைக் கடக்க வழியின்றி ஒரு வாரம் கரையிலேயே கிடந்தார் என்றும், பாலம் கட்டியே தீருவது என்ற பிடிவாதம் அங்கேதான் பிறந்தது என்றும் சொல்வார்கள். பாலத்தை வரைந்தவர் வில்லியம் டியர்னி கிளார்க் என்ற ஆங்கிலேயர். கூட இருந்து கட்டியவர் ஆடம் கிளார்க் என்ற ஸ்காட்லாந்துக்காரர். பெயர்தான் ஒன்று, இருவருக்கும் உறவு கிடையாது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில் பின்வாங்கிய ஜெர்மன் படை ஊரின் பாலங்களையெல்லாம் தகர்த்தது. இது மட்டும் கணக்காகத் தன் நூறாவது ஆண்டில், 1949இல், திரும்ப எழுந்து நின்றது.

சரி, எங்கே அறை எடுப்பது? கோட்டைக் குன்றின் மேல் தங்கினால், பகல்நேரக் கூட்டம் இறங்கியபின் தெருவே உங்களுடையது. ஆனால் ஒரு பால் பாக்கெட்டுக்கும் குன்றை விட்டு இறங்க வேண்டிவரும். பெஷ்டில், அதுவும் ஏழாவது வட்டாரத்தில் தங்கினால், சாப்பாடு, டிராம், கடை எல்லாம் காலடியில். ஆனால் அங்கேதான் பழைய பாழடைந்த கட்டடங்களில் நடக்கும் 'ரூயின் பார்'களும் இருக்கின்றன. முதல் பயணத்தில் அங்கே தங்கி, விடிய விடிய யாரோ பாடியதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். இருபத்தைந்து வயதில் அது சரி.

எங்களுக்குச் சரிப்பட்டது மூன்றாவது வழி: புடா கரையில், குன்றின் அடிவாரத்தில், பத்யானி சதுக்கத்தின் பக்கம். தரை சமம். ஜன்னலுக்கு நேர் எதிரே ஆற்றுக்கு அப்பால் நாடாளுமன்றம். 19, 41 எண் டிராம்கள் கரையோடு ஓடுகின்றன. மெட்ரோவில் ஒரே ஸ்டாப்பில் ஆற்றுக்கு அடியில் புகுந்து எதிர்க்கரையில் எழுந்துவிடலாம். வெளியூர் போகும் புறநகர் ரயில் ஒன்றும் இங்கிருந்தே புறப்படுகிறது. வயதானவர்களோடு போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இங்கே எடுக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: இந்த மெட்ரோ ரொம்ப ஆழம், எஸ்கலேட்டர் ஓடுகிற வேகம் நம் ஊர் மால்களில் பார்த்ததுபோல் இருக்காது. முதல் நாள் அம்மா அதன் வாயில் நின்றுகொண்டு, "ஏண்டா, இது நிக்கவே நிக்காதா?" என்றார். பின்னால் வரிசை நீண்டது.

உள்ளே போவதா, வெளியிலிருந்து பார்ப்பதா?

நாடாளுமன்றக் கட்டடம் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். நீளம் 268 மீட்டர், 691 அறைகள், 1885இல் தொடங்கி 1904 வரை வேலை. வரைந்த இம்ரெ ஷ்டெய்ண்டல் முழுவதும் முடிவதைப் பார்க்காமல் 1902இல் இறந்துபோனார். குவிமாடத்தின் உயரம் 96 மீட்டர். ஹங்கேரியர்களின் முன்னோரான மாஜர் இனத்தார் இந்தச் சமவெளிக்கு வந்ததாகக் கருதும் 896ஆம் ஆண்டின் நினைவு அது. அதே கரையிலுள்ள புனித ஸ்டீஃபன் பசிலிக்காவும் அதே 96. ராஜ்ஜியமும் மதமும் ஒன்றையொன்று மிஞ்சக்கூடாது என்ற கணக்கு என்பார்கள்.

உள்ளே போக நேரம் குறித்த டிக்கெட் வேண்டும், அதுவும் முன்கூட்டியே. ஐரோப்பியப் பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்குக் கட்டணம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. முக்கால் மணி நேரச் சுற்று. இதற்குச் செலவழிக்கலாமா? பொன்னும் சிவப்புக் கம்பளமும் மட்டும்தான் என்றால் நான் வேண்டாம் என்றிருப்பேன். குவிமாடத்தின் கீழே இருக்கும் கிரீடத்துக்காகப் போகலாம். உச்சியிலுள்ள சிலுவை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். இதை முதல் மன்னர் ஸ்டீஃபனின் கிரீடம் என்றே சொல்வார்கள், ஆனால் இன்றைய வடிவம் அவர் காலத்துக்குப் பிந்தியது. இது திருடு போயிருக்கிறது, ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறது, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கர்கள் கையில் போய் 1978இல்தான் நாடு திரும்பியிருக்கிறது. இதன் கதை பாதி ஊருக்கு வெளியே, ஆற்றின் மேல்பக்கம் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

கட்டடத்தின் அழகுக்காக மட்டும் என்றால் காசே வேண்டாம், புடா கரைப் படிக்கட்டில் மாலையில் உட்கார்ந்தால் போதும்.

எதிரே கோட்டைக் குன்று இதற்கு நேர்மாறு. அதற்குள் போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் ஏறும் வழியில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். 1870இலிருந்து ஓடும் சாய்வு ரயில் பார்க்க அழகு. வரிசையும் நீளம், கட்டணமும் தனி. நகரப் பாஸ் செல்லுபடியாகும் 16ஆம் எண் பேருந்து அதே குன்றின் மேல் கொண்டுபோய் விடும். ஆற்றங்கரையில் வார்கெர்ட் பஜார் என்ற வளாகத்திலிருந்து எஸ்கலேட்டரும் லிஃப்ட்டும்கூட உண்டு. அம்மா அதில்தான் போனார். சாய்வு ரயில் வரிசையில் நின்றிருந்த கூட்டத்தை மேலிருந்து பார்த்தபோது அவர் முகத்தில் வந்த சிரிப்பு தனி ரகம்.

மேலே மீனவர் கொத்தளம். பெயரைக் கேட்டுப் பழைய போர்க்களம் என்று நினைக்காதீர்கள். 1895க்குப் பிறகு அலங்காரத்துக்காகக் கட்டியது, மாஜர் இனக்குழுக்கள் ஏழுக்கும் ஏழு கோபுரம். காட்சி நிஜமாகவே அபாரம். காலை எட்டு மணிக்குள் போங்கள். பத்து மணிக்குமேல் தூண்களுக்கு நடுவே முதுகுகள்தான் தெரியும்.

ஆற்றைப் பார்ப்பதற்கு இரவுப் படகா, டிராமா என்று ஒரு கேள்வி உண்டு. பெஷ்ட் கரையோடு போகும் 2ஆம் எண் டிராம் பாஸுக்குள் அடக்கம். எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம், கால் வலித்தால் உட்கார்ந்துகொள்ளலாம். இருட்டிய பிறகு ஒரு மணி நேரப் படகு அழகுதான், ஆனால் டிராமில் போய்ப் பார்த்துவிட்டு, ஆசை மிச்சமிருந்தால் படகு ஏறுங்கள். எங்களுக்கு மிச்சமிருக்கவில்லை.

இந்தக் கரையில் ஓர் இடத்தில் மட்டும் இறங்கி நடக்க வேண்டும். நாடாளுமன்றத்துக்குச் சற்றுத் தெற்கே, கரை விளிம்பில், இரும்பில் வார்த்த அறுபது ஜோடிச் செருப்புகள். 1944–45இல் ஹங்கேரிய நாஜிகளான அம்புச் சிலுவைக் கட்சியினர், யூதர்களைச் செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டு ஆற்றோரம் நிறுத்திச் சுட்டார்கள். 2005இல் வைத்த நினைவுச் சின்னம் இது. சின்ன அளவில் குழந்தைச் செருப்பும் இருக்கிறது. மகள் அதன் பக்கத்தில் குனிந்து ரொம்ப நேரம் இருந்தாள். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா என்று தயங்குகிறவர்களுக்கு என் பதில்: போகலாம், ஆனால் படம் எடுக்க நிற்கவைக்காதீர்கள்.

முழங்காலுக்கு வெந்நீர்

பூமிக்கடியிலிருந்து வெந்நீர் ஊறும் ஊர் இது. குளியலகங்களில் மூன்றை ஒப்பிட்டுப் பார்த்தோம். 1918இல் திறந்த புகழ்பெற்ற கெல்லெர்ட்டை 2025 அக்டோபரில் புதுப்பிப்புக்காக மூடிவிட்டார்கள், அதனால் அது கணக்கிலேயே இல்லை.

சேச்சேனி, 1913. மஞ்சள் அரண்மனை போல, நடுவில் திறந்தவெளிக் குளங்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று தாத்தாக்கள் செஸ் ஆடும் படம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், அது இங்கேதான். ஐரோப்பியக் கண்டத்தின் முதல் சுரங்க ரயிலான, 1896இல் ஓடத் தொடங்கிய மஞ்சள் மெட்ரோ வாசலுக்கே வரும். அந்த மெட்ரோ தெருவுக்கு ஒட்டினாற்போல் கீழே ஓடுவதால் சில படிகள்தான். ஆனால் கூட்டம் கல்யாண மண்டபம் மாதிரி.

ருதாஷ், ஒட்டோமான் துருக்கியர் காலத்தது. பதினாறாம் நூற்றாண்டுக் குவிமாடம், எட்டுத் தூண்கள், நடுவில் எண்கோணக் குளம், மேலே சின்னச் சின்னத் துளைகள் வழியாக விழும் வெளிச்சம். மூன்றிலும் இதுதான் மனதில் நிற்பது. துருக்கிக் குளத்துக்கு ஆண்கள் நாள், பெண்கள் நாள் என்று பிரிக்கும் வழக்கம் இங்கே உண்டு. அந்த வார அட்டவணையைப் பார்த்துக்கொண்டு போங்கள்.

லுகாச், ஆடம்பரமில்லாதது. உள்ளூர் முதியவர்கள் மருத்துவத்துக்கு வருவது இங்கே. முற்றத்துச் சுவரில் குணமானவர்கள் நன்றி சொல்லிப் பதித்த சலவைக்கல் பலகைகள் வரிசையாக இருக்கும். "நேர்த்திக்கடன் மாதிரியா?" என்று அம்மா கேட்டார். அப்படித்தான். நாங்கள் தேர்ந்தெடுத்ததும் இதைத்தான். வலி போனதா என்றால், அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினார், அவ்வளவு சொல்வேன்.

நீச்சல் உடை கட்டாயம். நைட்டியோடும் புடவையோடும் இறங்க விடமாட்டார்கள். கூச்சப்படுகிறவர்கள் கை கால் மூடும் நீச்சல் உடையை ஊரிலேயே வாங்கிக்கொண்டு போவது நல்லது. சிறுவர்களுக்கு வயதுக் கட்டுப்பாடு இருக்கிறது. அதனால் மகளை விட்டுவிட்டு நாங்கள் முறைபோட்டுத்தான் இருக்க வேண்டியிருந்தது.

ஊருக்கு வெளியே ஒரு நாள்

உண்மையான தலைவலி இதுதான். நகரத்துக்கு வடக்கே, மேற்கிலிருந்து வரும் டான்யூப் இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே நெருக்கப்பட்டு, சட்டென்று தெற்கே திரும்புகிறது. டான்யூப் வளைவு என்பது அதுதான். அதை ஒட்டி மூன்று ஊர்கள்: சென்டெந்த்ரே, விஷெக்ராத், எஸ்தெர்கோம். மூன்றையும் ஒரே நாளில் காட்டுகிறோம் என்று பேருந்துச் சுற்றுலாக்கள் உண்டு. முதல் பயணத்தில் அப்படி ஒன்றில் போனேன். எஸ்தெர்கோமில் நாற்பது நிமிடம். விஷெக்ராதில் மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம், மேலே கோட்டையில் இருபது நிமிடம். சென்டெந்த்ரேயில் இறக்கிவிட்டபோது கடைகள் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தன. மூன்று ஊரையும் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், அதற்குத்தான் உதவும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

சென்டெந்த்ரே மிக எளிது. பத்யானி சதுக்கத்தில் புறநகர் ரயில் ஏறினால் நாற்பது நிமிடம். நகரப் பாஸ் நகர எல்லை வரைதான், அதற்கு மேல் கூடுதல் டிக்கெட் எடுத்துக்கொள்ள வேண்டும். 1690இல் ஒட்டோமான் படைக்குப் பயந்து, தங்கள் மதத்தலைவர் மூன்றாம் அர்சேனியேயின் பின்னால் வந்த செர்பியர்கள் குடியேறிய ஊர் இது. சீக்கிரம் ஊர் திரும்பிவிடுவோம் என்ற நினைப்பில் முதலில் மரத்தில் கோயில் கட்டிக்கொண்டார்கள். திரும்பவில்லை. வியாபாரத்தில் காசு சேர்ந்தபின், அடுத்த நூற்றாண்டில், அவற்றைக் கல்லில் எடுத்துக் கட்டினார்கள். முதன்மைச் சதுக்கத்தில் இருப்பது அதிலொன்று. இருபதாம் நூற்றாண்டில் ஓவியர்கள் வந்து குடியேறினார்கள். களிமண் சிற்பி மார்கித் கோவாச்சின் அருங்காட்சியகம் இந்த ஊரின் மிகச் சிறந்த ஒரு மணி நேரம். அவர் வடித்த கிழவிகளின் முகத்தை அம்மா மறக்கவே இல்லை.

குறை? ஊர் முழுக்க நினைவுப்பொருள் கடை. பதினொரு மணிக்குமேல் கூழாங்கல் தெருக்களில் நடை நத்தை வேகம்தான். கூழாங்கல் முழங்காலுக்கும் ஆகாது. பிள்ளைகள் கூட இருந்தால் ஊரை ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொண்டு, பக்கத்திலுள்ள ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் பேருந்து பிடியுங்கள். நாட்டின் பல பகுதிகளிலிருந்து பழைய வீடுகள், ஆலைகள், கோயில்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அரை நாள் போவது தெரியாது. குளிர்காலத்தில் பெரும்பாலும் மூடியிருக்கும்.

எஸ்தெர்கோம் மூன்றிலும் தூரம். ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல், அப்புறம் ஸ்டேஷனிலிருந்து பசிலிக்காவுக்கு உள்ளூர்ப் பேருந்து. முதல் மன்னர் ஸ்டீஃபன் பிறந்த ஊர். நாட்டிலேயே பெரிய தேவாலயம் இங்கே இருக்கிறது. 1856 அர்ப்பணிப்பு விழாவுக்கென்று இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் லிஸ்ட் ஒரு பூசை இசை எழுதினார். உள்ளே பகோட்ஸ் சிற்றாலயம் என்று சிவப்புப் பளிங்கில் ஒரு பகுதி, பதினாறாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கட்டியது. புதுக் கோயில் எழுந்தபோது அதை ஆயிரத்து அறுநூறு துண்டுகளாகப் பிரித்து, நகர்த்தி, திரும்பப் பொருத்தினார்கள். கட்டடக் கலையில் பைத்தியம் உள்ளவர்கள் இதற்காகவே போகலாம்.

மற்றவர்களுக்கு நான் சொல்வது பாலத்தை. மரியா வலேரியா பாலம் 1944இல் தகர்ந்து, 2001 வரை ஆற்றின் நடுவே மொட்டையாக நின்றது. இப்போது அதன் மேல் நடந்தால் சில நிமிடத்தில் ஸ்லோவாக்கியா. பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும், ஆனால் வழக்கமாக யாரும் கேட்பதில்லை. ஹங்கேரியப் பணமான ஃபோரின்ட் அங்கே செல்லாது, யூரோ. அந்தக் கரையிலிருந்து திரும்பிப் பார்க்கும்போதுதான் பசிலிக்கா எவ்வளவு பெரிது என்பது புரியும்.

விஷெக்ராத்தில் ஊர் என்று சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு தெரு, அரண்மனை இடிபாடு, மேலே கோட்டை. ஆனால் கதை இங்கேதான். மங்கோலியப் படையெடுப்பில் நாடு அழிந்தபின் நான்காம் பேலா மன்னர் காலத்தில் எழுந்த கோட்டை. 1335இல் ஹங்கேரி, போஹீமியா (இன்றைய செக் பகுதி), போலந்து மன்னர்கள் மூவரும் இங்கே கூடிப் பேசினார்கள். 1991இல் ஹங்கேரி, செக்கோஸ்லோவாக்கியா, போலந்து மூன்றும் தங்கள் புதுக் கூட்டணிக்கு இந்த ஊரின் பெயரையே வைத்துக்கொண்டன. முன்பு சொன்ன கிரீடம் திருடு போனதும் இங்கிருந்துதான். 1440 பிப்ரவரியில், கணவனை இழந்து நிறைமாதமாக இருந்த ராணி எலிசபெத், பிறக்கப்போகும் பிள்ளைக்கு முடிசூட்ட வேண்டும் என்று, ஹெலெனெ கொட்டனெர் என்ற தாதியை அனுப்பினார். அந்த அம்மாள் துணைக்கு ஆள் வைத்துப் பூட்டை அறுத்து, கிரீடத்தைத் தலையணைக்குள் வைத்துத் தைத்து, உறைந்துகிடந்த டான்யூப்பைப் பனிவண்டியில் கடந்துவிட்டார். போய்ச் சேர்ந்த இரவிலேயே ராணிக்கு ஆண் பிள்ளை பிறந்தது. பிற்பாடு அவரே இதையெல்லாம் எழுதியும் வைத்தார். மகள் கோட்டைக்கு வர ஒத்துக்கொண்டதே இந்தக் கதைக்காகத்தான்.

போகும் வழியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. விஷெக்ராதுக்கு ரயில் கிடையாது. நகரின் மேற்கு ரயில் நிலையத்திலிருந்து எதிர்க்கரையிலுள்ள நாஜ்மாரோஷுக்கு ரயில் ஏறினால் முக்கால் மணி சுமாரில் இறங்கலாம். ஸ்டேஷனிலிருந்து சில நிமிடம் நடந்தால் பரிசல் துறை மாதிரி ஒரு ஃபெர்ரி துறை, ஏறி அக்கரை. சென்டெந்த்ரே வழியாகப் பேருந்திலும் நேரே போகலாம்தான். ஆனால் ஆற்றைக் கடந்து போகிறபோது கோட்டை மெல்ல மெல்லத் தலைக்கு மேலே எழும்புவதைப் பேருந்து காட்டாது. கோட்டைக்கு ஏறுவது ஒரு மணி நேர மூச்சு வாங்கல். டாக்சி கிடைக்கும், பருவத்தில் சிறு வண்டிகளும் உண்டு.

கோடையில் நகரத்திலிருந்தே படகில் வரலாமே என்பீர்கள். வரலாம், ஆனால் எதிர் நீரோட்டம். சென்டெந்த்ரே வரை பரவாயில்லை, விஷெக்ராதுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், எஸ்தெர்கோமுக்குப் பாதிப் பகல். போகும்போது ரயில், திரும்பும்போது படகு என்று வைத்துக்கொண்டால் ஆறும் உங்களோடு சேர்ந்து இழுக்கும். ஆறு ஒத்துழைக்கவும் வேண்டும். 2013 ஜூனில் புடாபெஸ்டில் நீர்மட்டம் 8.91 மீட்டர் வரை ஏறியது, வறண்ட கோடைகளிலோ படகு தட்டுகிற அளவுக்கு இறங்கிவிடும்.

இந்த வளைவைச் சேராத ஊர்களையும் பட்டியலில் போட்டுப் பார்த்தோம். கொடொல்லோ அரண்மனை, 1867 முடிசூட்டுப் பரிசாக ராணி எலிசபெத்துக்கும் (இவர் வேறு எலிசபெத்) மன்னர் ஃபிரான்ஸ் ஜோசஃபுக்கும் போனது. ஏறுவதற்கு அதிகமில்லை, மழை நாளுக்கு நல்ல மாற்று. எகர், 1552இல் ஒரு சிறு படை ஒட்டோமான் முற்றுகையைத் தாங்கிய கோட்டை ஊர். ரயிலில் போகவே இரண்டு மணி நேரம், அங்கே ஒரு ராத்திரி தங்காவிட்டால் அநியாயம். பலடோன் ஏரிக்கரையில், 1926இல் தாகூர் இதய சிகிச்சைக்கு வந்து மரம் நட்ட பலடோன்ஃப்யூரெட் இருக்கிறது. ஏரி அழகு, ஆனால் நான்கு நாள் பயணத்தில் அதற்கு இடம் கிடையாது.

எங்குமே போக முடியாவிட்டால்? நகரப் பேருந்து எல்லைக்குள்ளேயே காடு இருக்கிறது. புடா மலைகளில் 1948இல் தொடங்கி இரண்டு வருடத்தில் முடித்த 11 கிலோமீட்டர் குறும்பாதை ரயிலைப் பத்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் நடத்துகிறார்கள். டிக்கெட் கொடுப்பது, கொடி காட்டுவது, ரயில் கிளம்பும்போது விறைப்பாக சல்யூட் அடிப்பது எல்லாம் அவர்கள். எஞ்சின் ஓட்டுவது மட்டும் பெரியவர்கள். கம்யூனிஸ்ட் காலத்து ஏற்பாடு, ஆட்சி மாறியும் நிற்கவில்லை. மேலே போகப் பல்சக்கர ரயில், மறுமுனையில் இறங்கினால் டிராம். அம்மாவுக்கு நடை இல்லை, மகளுக்குத் தன் வயது ஆட்கள். செலவையும் சிரமத்தையும் சேர்த்துப் பார்த்தால் பயணத்திலேயே லாபமான அரை நாள் இதுதான்.

சாப்பாட்டில் எந்த ஊருக்கும் பெரிய வித்தியாசமில்லை. குலாஷ் குழம்பு இல்லை, மாட்டிறைச்சி சூப். சைவக்காரர்கள் 'ஹூஷ் நேல்க்யூல்', இறைச்சி இல்லாமல், என்ற இரண்டு சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். எண்ணெயில் பொரித்த லாங்கோஷ் எங்கும் கிடைக்கும், பூண்டும் புளித்த கிரீமும் தடவி. நம் பூரிக்கு வெளியூர்ப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளலாம். மீனவர் சூப்பின் சிவப்பைப் பார்த்து அம்மா பயந்தார். எங்களுக்கு வந்ததில் நிறம்தான், காரம் இல்லை.

கடைசியில் எங்கே போனோம்? முழங்கால் கணக்கின்படி சென்டெந்த்ரேதான் வர வேண்டும். முந்தின ராத்திரி அம்மாவே மாற்றினார். "அந்தத் தலையணைக்காரி போன ஆத்தைப் பாக்கணும், நான் கரையிலேயே உக்காந்துக்கறேன்." ஆக நாஜ்மாரோஷ். ஆற்றோரம் மரநிழலில் பெஞ்சு, கையில் லாங்கோஷ், எதிரே கோட்டை. முழு ஐரோப்பியக் காட்சி, ஒரு படி ஏறாமல். மூத்தவர்களுக்கு விஷெக்ராதைவிட இந்தக் கரை மேல் என்பதை நான் எங்கேயும் படித்திருக்கவில்லை.

நானும் மகளும் அக்கரை போய் ஏறினோம். கோட்டைச் சுவரிலிருந்து பார்த்தால் ஆறு ஒரு பெரிய அரைவட்டம் போட்டுத் திரும்புகிறது. கீழே அம்மா ஒரு புள்ளி. இந்த இடத்தில்தான் அணை கட்டப்பார்த்தார்கள். 1977இல் செக்கோஸ்லோவாக்கியாவோடு ஒப்பந்தம், எண்பதுகளில் வேலையும் ஆரம்பித்துவிட்டது. அரசை எதிர்த்து வாய் திறப்பதே ஆபத்தான காலத்தில் யானோஷ் வார்கா என்ற உயிரியலாளரும் டான்யூப் வட்டம் என்ற அவரது குழுவும் இதை எதிர்த்தார்கள். 1988இல் ஆயிரக்கணக்கானோர் நாடாளுமன்றத்தின் முன் திரண்டார்கள். 1989இல் ஹங்கேரி வேலையை நிறுத்தியது. வழக்கு ஹேக் சர்வதேச நீதிமன்றம் வரை போய், 1997இல் இரு தரப்பிலும் தவறு என்று தீர்ப்பானது. நாஜ்மாரோஷில் ஆற்றுக்குள் கட்டியிருந்ததைப் பிற்பாடு பிரித்து எடுத்துவிட்டார்கள்.

நாங்கள் இறங்கி, கடைசிக்கு முந்தின ஃபெர்ரியில் திரும்பி வந்தபோது அம்மா அதே பெஞ்சில் இருந்தார். மகள் மேலே கேட்ட கதையை மூச்சுவிடாமல் சொன்னாள். "அணை எங்க கட்டப் பாத்தாங்க?" என்றார் அம்மா. ஆற்றைக் காட்டினேன். கொஞ்ச நேரம் தேடிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லையேடா" என்றார்.